கல் கட்டாத புடலங்காய்

மரக்கறி வாங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். மாத்தளைச் சந்தையில் வெண்டிக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பேன், கத்தரிக்காயின் காம்பைத் தூக்கிப் பார்ப்பேன், புடலங்காயில் நகத்தைப் பதித்துப் பார்ப்பேன். என் தலையைக் கண்டதுமே கடைக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். "மரக்கறி வாங்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். நான் கணக்கு வாத்தியார். எதையும் படிப்படியாகச் செய்து பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். அவள் நேரே விடையைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

என் கெட்டிக்காரத்தனத்துக்கு முடிவு வந்தது நாவுல பஸ்ஸில். பரீட்சை வேலையாக அங்கே போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். சரியான சனம். பின்னால் நின்ற ஒரு பெண்ணின் உரப்பையிலிருந்து ஏதோ நீட்டிக்கொண்டு வந்து, பிரேக் போடும்போதெல்லாம் என் கழுத்தைத் தடவியது. திரும்பிப் பார்த்தால் புடலங்காய். பை முழுக்க இருந்தது அதுதான். ஒன்றுகூட நேராக இல்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன.

"மன்னிச்சுக்கோங்க சேர், இதுங்க சொன்ன பேச்சு கேக்காது" என்றாள் அந்தப் பெண். என் மடியில் இருந்த விடைத்தாள் கட்டைப் பார்த்துத்தான் சேர் என்றிருக்க வேண்டும். பேச்சில் எஸ்டேட் வாசம் அடித்தது. எனக்கும் அதே வாசம்தான், வாத்தியார் வேலையில் கொஞ்சம் மங்கியிருந்தது. மாத்தளை வரைக்கும் பேசிக்கொண்டு வந்தோம். ரத்தோட்டைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, நாவுலயில் ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மரக்கறி செய்கிறார்கள். புருசன் மிளகு பறிக்க ஏறி விழுந்ததில் ஒரு கால் மடங்காது. அதனால் தோட்டம் முழுக்க அவள் கைதான். நேரான காய் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போகும் லொறியில் ஏறிவிடும். கோணல் காயை லொறிக்காரர் தொடவும் மாட்டார். அதைத்தான் மாத்தளையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

நாவுலயில் காய்க்கிற காய் தம்புள்ளைக்குப் போய், ஒரு இரவு அங்கே கிடந்து, மறுபடி மாத்தளைக்கு வந்து, அதற்குப் பிறகு நான் நகத்தைப் பதித்துப் பார்க்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இரண்டு காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவி பால்கறி வைத்தாள். சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிவிட்டு வந்து, "அடுத்த ஞாயித்துக்கெழம நாவுலக்கி போயிட்டு வாங்க" என்றாள். அதுதான் விடை.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் போகத் தொடங்கினேன். நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவளுக்கு நான் கடைசிவரை சேர்தான். நான் பிறந்தது ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துக் குளிரில். லயத்து வீட்டு வளவில் போஞ்சிக் கொடியையும் கோவாவையும் கண்டிருக்கிறேனே தவிர, புடலம் பந்தலை அதற்கு முன்னால் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு காயின் நுனியிலும் தும்புக் கயிற்றில் ஒரு சின்னக் கல் தொங்கும். சும்மா விட்டால் புடலங்காய் தன் இஷ்டத்துக்குச் சுருண்டுகொள்ளும். பிஞ்சிலேயே கல்லைக் கட்டிவிட்டால் பாரத்துக்கு நேராக இறங்கும். வாய்க்காலுக்குப் போகும்போதெல்லாம் மடியில் நாலு கல்லைக் கட்டிக்கொண்டு வருவாள் தங்கச்சி. காயை அறுத்ததும் கல்லை அவிழ்த்து, பந்தல் காலில் தொங்கும் பால்மா டின்னில் போட வேண்டும்.

முதலில் அவளேதான் அறுத்துக் கொடுத்தாள். நான் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றேன். கொஞ்ச மாதம் போன பிறகு ஒருநாள் சின்னக் கத்தியை என் கையில் தந்து, "நீங்களே பாத்து அறுத்துக்கோங்க சேர், எனக்கு வெண்டிக்கி மண்ணு அணைக்கணும்" என்று போய்விட்டாள். நல்லாசிரியர் விருது கிடைத்திருந்தால்கூட நான் அப்படி நெஞ்சை நிமிர்த்தியிருக்கமாட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "கத்தி குடுத்தாளா? பாத்து, வெரல வெட்டிக்காதீங்க" என்றாள்.

நகத்தைப் பதிக்கும் பழக்கம் அங்கே போன பிறகு தானாக விட்டுப்போனது. ஒரு பிஞ்சு காயாவதற்கு அவள் எத்தனை தடவை குனிந்து நிமிர்கிறாள் என்று கண்ணால் கண்ட பிறகு நகம் எப்படிப் போகும்? ஆனால் ஒரு கெட்டிக்காரத்தனம் போனால் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது. லொறிக்காரர் கோணல் காயை ஒதுக்கித் தள்ளுவதை ஒருநாள் பார்த்தேன். காலால் தள்ளினார். என் அம்மா கொழுந்து பறித்தவள். நிறுவைக்கு வந்தால், முத்தல் இலை என்று சொல்லிக் கூடையிலிருந்து அள்ளி அவள் முன்னாலேயே வெளியே வீசுவார்கள். அந்த இலையையும் அவள்தான் மழையில் நனைந்து பறித்திருப்பாள். இனிமேல் இந்தத் தோட்டத்தில் நான் கோணல் காய் மட்டும்தான் வாங்குவேன், நேரானது லொறிக்குப் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

"வயித்துக்குள்ள போனா கோணலென்ன, நேரென்ன" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் வேறு. பாடசாலையில் சக ஆசிரியர்களுக்குச் சொன்னேன், வகுப்பில் நேர்கோடு படிப்பிக்கும்போதுகூட ஒரு தடவை சொன்னேன். தங்கச்சி சிரித்துக்கொண்டு, "ஒங்க இஷ்டம் சேர்" என்றாள். கல் சரியாகக் கட்டுப்படாததும், கல் நழுவி விழுந்ததும் எல்லாம் என் பைக்குள் வந்தன. நல்ல மனுசன் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

அந்த வருசம் குரங்குத் தொல்லை பொறுக்க முடியாமல் போனது. கூட்டமாக வந்து பந்தலில் இறங்கி, தின்றது பாதி, கடித்துப் போட்டது பாதி. போகம் முடிகிற நேரத்தில் பந்தல் வெறிச்சோடிக் கிடந்தது. நான் போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டில் இல்லை. வாய்க்காலில் அவர்களுடைய தண்ணீர் முறை. "அவ தண்ணி திருப்பப் போயிருக்கா சேர், நீங்க அறுத்துக்கிட்டுப் போங்க" என்று வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த புருசன் சொன்னார். கத்தி பந்தல் காலில் செருகியிருந்தது.

தேடித் தேடிப் பார்த்தும் தேறியது இரண்டுதான். மூன்றாவது, வடக்கு மூலையில் இலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. நல்ல பருமன், நல்லாய்ச் சுருண்ட வால், கழுத்துப் பக்கம் இலேசாக மஞ்சள். நுனியில் கல் இல்லை. கல் இருந்த தடமும் இல்லை. யாருமே கவனிக்காமல் விட்ட காய் என்று எனக்குப் பாவமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைத் தடவிக்கூடக் கொடுத்தேன். பிறகு அறுத்தேன்.

"இது காயா, பழமா?" என்றாள் மனைவி. "முத்திப் போச்சு, வாணாம்." நான் விடவில்லை. யாரும் வேண்டாம் என்கிற காயை நாமும் வேண்டாம் என்றால் எப்படி என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். அவள் உள்ளே இருந்த குடலையும் கொட்டையையும் வழித்து வாளியில் போட்டுவிட்டு, தோலை இரண்டு தடவை சீவி, பருப்போடு வேகவைத்துத் தந்தாள். தும்பு தும்பாகப் பல்லில் மாட்டியது. வீம்புக்கு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றரை மணி இருக்கும், போன் வந்தது.

"சேர், சாப்பிட்டீங்களா?" என்றாள் தங்கச்சி. சாப்பிட்டேன் என்றேன். "மூலையில கல்லு கட்டாத காய் ஒண்ணு இருந்துச்சு. நீங்க அறுத்தீங்களா சேர்? இல்ல, கொரங்கான்னு தெரியல, அதான் கேட்டேன்."

"நான்தான் அறுத்தேன். ஏன் தங்கச்சி?"

"ஒண்ணுமில்ல சேர். அது வெதக்கி விட்டது."

விதைக்கு விடும் காய்க்கு அவள் கல் கட்டமாட்டாள். அது லொறிக்குப் போகிற காய் இல்லையே, எதற்காக நேராக இருக்க வேண்டும்? அப்படியே சுருண்டு, மஞ்சளாகி, சிவந்து, கொடியிலேயே பழுக்க வேண்டும். வழக்கமாக நாலைந்து விடுவாளாம். அந்த முறை மற்றதெல்லாம் குரங்குக்குப் போக, மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். போன வருசத்து விதையில் ஒரு கொட்டையும் பாக்கியில்லை. இவ்வளவையும் நான் துருவித் துருவிக் கேட்டுத்தான் சொன்னாள். "கடை வெத பாக்கெட்டு இருக்குதானே சேர், அத போட்டுக்கிறேன்" என்றாள். "ஆனா அதுல வெத எடுத்து மறுபடி போட்டா என்ன காய்க்கும்னு சொல்ல ஏலாது. இது நாங்க தோட்டத்த விட்டு எறங்கி வந்து மொத மொத காய்ச்ச கொடி. ஒம்பது வருசமா அதே வெததான்." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போனை வைத்தேன். மனைவியிடம் சொன்னபோது அவள் என்னைக் கேலி செய்யவில்லை. "ஒருத்தியோட வெதநெல்ல அவிச்சுத் தின்னுட்டோமே" என்றாள். பிறகு திடுக்கிட்டு எழுந்து, "கொட்டை! வாளி!" என்றாள்.

வாளி வெறுமையாக இருந்தது. எங்கள் வீட்டுக் குப்பை வாளியை, லாத்தா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா கோழிகளுக்கென்று மத்தியானமே எடுத்துப்போய்க் கொட்டிவிடுவார். நான் வேலியைச் சுற்றிக்கூடப் போகவில்லை, தாண்டினேன். ஐம்பத்து நாலு வயதில் வேலி தாண்டிய வாத்தியாரைக் கண்டு கோழிகள் நாலாபக்கமும் சிதறின. குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளற ஆரம்பித்தேன்.

"என்ன வாத்தியார், மோதிரம் ஏதும் விழுந்திச்சா?" என்று லாத்தா வாசலில் நின்று கேட்டார்.

"புடலங்கொட்டை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் தலைச் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரும் பக்கத்தில் குந்திவிட்டார். "கோழி சதையத்தான் திங்கும். கொட்டைய கொத்திப் பாத்துட்டு விட்டுரும். அல்லாஹ் காப்பாத்துவான், தேடுங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் என் மனைவியும் வந்து சேர்ந்தாள். மூன்று பேரும் பொழுது சாயும்வரை கோழி எச்சத்தைக் கிளறிக்கொண்டிருந்தோம். பதினொரு கொட்டை கிடைத்தது. கணக்கு வாத்தியாராக இருந்தும் எதையும் நான் அப்படித் திரும்பத் திரும்ப எண்ணியதில்லை.

கழுவி, சாம்பலில் புரட்டி, கடுதாசியில் மடித்து, மறுநாள் லீவு போட்டுவிட்டு நாவுல பஸ் ஏறினேன். தங்கச்சி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். ஏன் கோழி வாடை அடிக்கிறது என்று கேட்கவில்லை. ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்துக் கொட்டைகளைப் போட்டாள். ஏழு மிதந்தன. "இது பதரு" என்று ஒதுக்கினாள். நாலு அடியில் தங்கின. அதையும் கையில் எடுத்து அழுத்திப் பார்த்து, "பாதிதான் முத்தியிருக்கு. மொளைச்சாலும் மொளைக்கும், மொளைக்காமலும் போகும்" என்றாள். பிறகு இரண்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"எனக்கா? ஏற்கெனவே செஞ்சது போதாதா தங்கச்சி?"

"ரெண்டு எனக்கு, ரெண்டு ஒங்களுக்கு. ஒரே எடத்துல வச்சா ஒரே கொரங்கு போதும் சேர்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்தவனிடம் அதைச் சொல்கிறாள். அன்றைக்கு அவள் கத்தியை நீட்டியபோது வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு போன ஞாயிற்றுக்கிழமைகளிலும் பந்தலுக்கு வெளியேயே நின்றேன். அவள் அறுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மழை தொடங்கியதும் இரண்டு கொட்டையையும் வீட்டுச் சுவரோரம் ஊன்றினேன். ஒன்று மண்ணோடு மண்ணாகப் போனது. மற்றது ஒன்பதாம் நாள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது. தங்கச்சி ஊன்றியதில் இரண்டும் முளைத்ததாகப் போனில் சொன்னாள். எனக்குப் பாதி பாரம் இறங்கியது. மூன்று கிழமை கழித்து மறுபடி போன் வந்தது. விடாமல் பெய்த மழையில் பாத்தியில் தண்ணீர் நின்று இரண்டும் வேரோடு அழுகிவிட்டன. "பரவாயில்ல சேர். ஒங்க வீட்ல ஒண்ணு இருக்குல்ல" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. குரங்கு என்றால் மாத்தளை டவுனிலும்தான் குரங்கு. பாடசாலை விட்டதும் ஓடி வந்து பால்மா டின்னைத் தட்டிக்கொண்டு சுவரோரம் காவலிருந்தேன். மாலையில் நூல் பிரிந்த மாதிரி வெள்ளைப் பூக்கள் விரியும். எது பெண் பூ, எது பிஞ்சாகும் என்று மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னைய இப்பிடி ஒருநாளும் பாத்ததில்ல" என்பாள் மனைவி. நாலு பிஞ்சு நின்றது. மூன்றுக்குக் கல் கட்டினோம். நல்லாய்த் திரண்ட நாலாவதை அப்படியே விட்டோம். அது சுருண்டு, பருத்து, கழுத்தில் மஞ்சள் தட்ட ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் மனைவியின் தம்பி கொழும்பிலிருந்து வந்தான். தங்கமான பையன், யாருக்கும் ஒரு சின்னக் கஷ்டம்கூடக் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறவன். புறப்படும்போது கொடியைப் பார்த்தான். "மச்சான், நல்லத நீங்க வச்சுக்கோங்க. இந்தக் கோணலா இருக்கிறத நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே காம்பில் கையை வைத்தான்.

"எடுடா கைய!" என்று கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்றால், லாத்தா வெளியே வந்துவிட்டார், மனைவி அகப்பையோடு ஓடி வந்தாள். மச்சான் சுட்டதுபோலக் கையை எடுத்தான். முகம் செத்துப்போய் நின்றான். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நான் சொல்லக்கூடிய சொல். அவன் அறுக்கக்கூட இல்லை, தொட்டதுக்கே நான் அப்படிக் கத்தினேன். நான் அறுத்து, அவித்து, தின்றே முடித்தவன். என்னிடம் தங்கச்சி முதலில் கேட்டது, "சேர், சாப்பிட்டீங்களா?" என்று. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவி கல் கட்டிய காய் இரண்டை அறுத்துக் கொடுத்து அவனை பஸ்ஸேற்றிவிட்டாள்.

காய் செக்கச்செவேலென்று பழுத்த பிறகு அதைத் துவாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு நாவுலக்குப் போனேன். வால் துவாய்க்குள் அடங்காமல் பக்கத்தில் இருந்தவரின் முழங்கையை இடித்துக்கொண்டே வந்தது. "மன்னிச்சுக்கோங்க" என்று மூன்று தடவை சொன்னேன்.

தங்கச்சி அதை வாங்கி, வாசலிலேயே உட்கார்ந்து பிளந்தாள். சிவப்புச் சதைக்குள் கொட்டைகள் கறுத்துத் திடமாக இருந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினாள். நகம் இறங்கவில்லை. புருசனிடம் காட்டினாள், அவரும் அழுத்திப் பார்த்தார். பிறகு சாம்பல் தூவிய சுளகில் ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் மறுபடி அழுவேன் என்று பயமாக இருந்தது.

கையைக் கழுவிவிட்டு வந்து கத்தியை நீட்டினாள். "பந்தல்ல இப்ப பாவக்காதான் ஏத்தியிருக்கேன். அறுத்துக்கோங்க சேர்."

"நீங்களே அறுத்துத் தாங்க தங்கச்சி."

"போங்க சேர், எனக்கு வேல கெடக்கு."

உள்ளே போனேன். அண்ணாந்து பார்த்தபோது, மூலையில் தொங்கிய பருத்த பாகற்காய் ஒன்றின் காம்பில் கட்டம் போட்ட துணித் துண்டு கட்டியிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்றிலும் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். "என் சாரத்த கிழிச்சுட்டா சேர், எல்லாம் ஒங்களுக்காகத்தான்" என்று வாசலிலிருந்து புருசன் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஒன்பது வருசமாக அந்தத் தோட்டத்தில் விதைக்காய்க்கு யாரும் துணி கட்டியதில்லை. நான் மறுபடி உள்ளே வர வேண்டும் என்று நினைத்து, வருவதற்கு முன்னாலேயே கட்டி வைத்திருக்கிறாள்.

துணி இல்லாத காயாகப் பார்த்து அறுக்கத் தொடங்கினேன்.